கொல்லைப்புறப் புல்தரைக்கு மீன்தொட்டித் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்க்கும் தண்ணீரைக் கொண்டே செடியும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் என்றதும் கீரை, தக்காளி, புதினா என்று பேச்சு போய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல் வைத்திருப்பவர்கள், ‘எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் கீரைக்குச் சொல்லும் வழி புல்லுக்குப் பொருந்தாது. கீழே உள்ளவை தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் போர்வெல் தண்ணீரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு மீன், புல் இரண்டுமே வேறு.

புல்தரையை அக்வாபோனிக்ஸ் முறையிலேயே வளர்க்க முடியுமா?

வழக்கமான அக்வாபோனிக்ஸில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். மீன்தொட்டியிலிருந்து செடிப்படுக்கைக்குப் போய், வேர்களுக்கு இடையே வடிந்து, மறுபடியும் தொட்டிக்கே திரும்பும். புல்தரை மண்ணில் இருக்கிறது. மண்ணுக்குள் போன தண்ணீர் திரும்பாது. குழாய் பதித்துத் திருப்பிக் கொண்டுவந்தாலும் கூடவே சேறும் வரும், புல்லில் எப்போதோ அடித்த மருந்தின் மிச்சமும் வரும். மீன் அதைத் தாங்காது.

எனவே புல்லுக்கு ஒருவழிப் பாதைதான் சரி. தொட்டியிலிருந்து தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் புல்லுக்குவிட வேண்டும். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்ப வேண்டும். தொட்டியில் மீன் வளர்ப்பவர் எப்படியும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. புல்லுக்கோ தினமும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒன்றாக்குவதுதான் இதன் முழு நியாயம். இதற்கு மேல் பெரிய அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மீன் கழிவு எப்படிப் புல்லுக்கு உணவாகிறது?

மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதம் செரித்த பிறகு, அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபேக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் புல்லுக்குப் பிடித்த உணவு.

பலர் கவனிக்காத ஒன்று: இந்த மாற்றம் தொட்டியில் முழுமையாக நடக்காவிட்டாலும் புல்லுக்குக் கவலையில்லை. மண்ணிலும் இதே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அம்மோனியம் கலந்த தண்ணீரை மண் தானே பதப்படுத்திக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வடிகட்டியான பயோஃபில்டர் தேவைப்படுவது மீனுக்காகத்தான். நம் போர்வெல் தண்ணீருக்கு அது இன்னும் முக்கியம். கார அமிலத்தன்மை (pH) 7லிருந்து 8க்கு உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லக்கூடிய பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் 8ஐத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

எத்தனை மீனுக்கு எவ்வளவு புல்?

கணக்கை மீனின் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள், தீவனத்திலிருந்து தொடங்குங்கள். தொட்டிக்குள் போகும் சத்து அத்தனையும் தீவனத்தின் வழியாகத்தான் போகிறது.

1000 லிட்டர் தொட்டி, அதில் ஒவ்வொன்றும் 200 கிராம் எடையுள்ள 20 மீன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 80 கிராம். தீவனத்தில் 30 சதவீதம் புரதம் இருந்தால் 24 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 3.8 கிராம். இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். மிச்சம் சுமார் 2.7 கிராம் தண்ணீருக்கு வரும். வண்டலாகப் படிந்தும் காற்றில் போயும் அதில் பாதி கழிந்தால்கூட, 1.3 அல்லது 1.4 கிராம் நைட்ரஜன் தினமும் புல்லுக்குக் கிடைக்கும்.

நன்றாக வளரும் புல்தரைக்கு மாதத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3 கிராம் நைட்ரஜன் போதும், தினமும் 0.1 கிராம். எனவே இந்தத் தொட்டி 14 சதுர மீட்டரை, அதாவது சுமார் 150 சதுர அடியைத் தாங்கும். மெதுவாக வளரும் புல் என்றால் 200 சதுர அடிவரை போகலாம்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரண வெயிலில் புல் ஒரு சதுர மீட்டருக்குத் தினமும் சுமார் 5 லிட்டர் கேட்கும். 14 சதுர மீட்டருக்கு 70 லிட்டர். தொட்டியின் கொள்ளளவில் 7 சதவீதம். மீனுக்குத் தினமும் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் நல்லது என்பது பொதுவான வழக்கம். மீன் கேட்கும் மாற்றமும் புல் கேட்கும் பாசனமும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பதால்தான் புல்லுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்கிறேன். மே மாதத்தில் புல் இன்னும் அதிகம் குடிக்கும். அப்போது மிச்சத்தைச் சாதாரணத் தண்ணீரால் ஈடுகட்டுங்கள், தொட்டியை வற்றடிக்காதீர்கள்.

ஆயிரம் சதுர அடிக்கு மேல் புல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டியைப் பெரிதாக்குவதைவிடப் புல்தரையைச் சிறிதாக்குவது நல்லது. நம் வெயிலுக்கு அவ்வளவு புல் தேவைதானா என்பதையும் யோசியுங்கள்.

உரச் செலவு மிச்சமாகுமா?

பெரிதாக ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன தொட்டியில் ஓர் ஆண்டு முழுவதும் மீன் வெளியேற்றும் நைட்ரஜன் சுமார் 1 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக அது 2 கிலோ யூரியாவுக்குச் சமம். மானிய விலையில் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது 2 கிலோவின் மதிப்பு என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் ஆண்டில் மீன் தின்றிருப்பது 29 கிலோ தீவனம்! உரத்துக்காக மீன் வளர்ப்பது கட்டுப்படியாகாது. மீன் வேண்டும், புல்லும் வேண்டும், தண்ணீரை இருமுறை பயன்படுத்த வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது.

என்னென்ன தேவை?

ஒரு 1000 லிட்டர் தொட்டி, ஓர் ஏர் பம்பு, நீரில் மூழ்கும் சிறிய மோட்டார், இரண்டு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். முதல் டிரம்மில் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து மெதுவாகச் சுழல வேண்டும். கழிவு அடியில் படியும். அடியில் ஒரு வால்வு. இரண்டாவது டிரம்மில் 20 மில்லிமீட்டர் ஜல்லியோ, ‘பயோ பால்’ எனும் துளையுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளோ போட்டால் பாக்டீரியா குடியேறும். ஜல்லி மீது வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். நம் கடினத் தண்ணீருக்கு அது வேண்டாம்.

தொட்டியைப் புல்தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாயும். பாசனத்துக்கென்று தனி மோட்டார் வேண்டியதில்லை. மேலே பச்சை நிழல்வலை கட்டாயம். கறுப்புத் தொட்டி நேர் வெயிலில் நின்றால் மே மாதத்தில் தண்ணீர் கொதிநிலைக்குப் போய்விட்டதோ என்று தோன்றும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் பூனைக்கும் பயந்து ஒரு வலை தனியாகப் போட வேண்டும். விரால் வளர்த்தால் அது வெளியே குதிக்காமலிருக்கவும் அந்த வலை உதவும்.

எந்த மீன் நல்லது?

மீன் சாப்பிடாத வீடு என்றால் கோய் கெண்டை. கண்ணுக்கும் அழகு, கடினத் தண்ணீரையும் தாங்கும், கழிவும் தாராளமாகத் தரும். புல்லுக்கு மீனின் சாதி முக்கியமில்லை, தீவனம்தான் முக்கியம் என்பதால் சைவ வீட்டாரும் தயங்காமல் இதைச் செய்யலாம்.

சாப்பிடத்தான் என்றால் மேம்படுத்தப்பட்ட இனமான கிஃப்ட் (GIFT) திலேப்பியா தொட்டிக்கு ஏற்றது. 1952இல் இந்தியாவுக்கு வந்து நம் குளங்களையெல்லாம் நிறைத்த பழைய ஜிலேபி மீனின் உறவுக்காரன், ஆனால் நன்றாக எடை போடும். இதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி தேவை. மாவட்ட மீன்வள அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் மின்வெட்டுக்கு அஞ்சாது. ஆனால் அளவு வித்தியாசம் இருந்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். ரோகுவும் கட்லாவும் குளத்து மீன்கள், 1000 லிட்டர் அவற்றுக்குச் சிறைதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் அதை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒரு பெருமழையில் தொட்டியிலிருந்து தப்பி வாய்க்காலுக்குப் போனால் அங்குள்ள நாட்டு மீன்கள் அத்தனைக்கும் ஆபத்து.

எந்தப் புல்?

பெர்முடா நம் அருகம்புல்லின் இனம். வெயில் வேண்டும், நைட்ரஜனை நிறையக் கேட்கும், தொட்டித் தண்ணீரை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். கொரியன் புல் மெதுவாக வளரும், வெட்டும் வேலை குறைவு. ஆனால் சத்து மிகுந்தால் மெத்தை மெத்தையாக மேடுகட்டிவிடும், அதனால் அதற்குத் தண்ணீரைப் பாதி பாதி கலந்துவிடுங்கள். மாமரத்து நிழல் விழும் இடம் என்றால் அகல இலையுள்ள எருமைப் புல்.

தொடங்கி எத்தனை நாளில் தண்ணீர் விடலாம்?

புல்லுக்கு முதல் நாளிலிருந்தே விடலாம். பொறுமை வேண்டியது மீன் விஷயத்தில். பயோஃபில்டரில் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனும் குறைவாக, தீவனமும் குறைவாக இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கி நைட்ரேட் ஏறத் தொடங்கியதைப் பரிசோதனைக் கிட்டில் பார்த்த பிறகு மீதி மீனை விடுங்கள். வேறொருவரின் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு வாளி ஜல்லி கிடைத்தால் இந்தக் காலம் கணிசமாகக் குறையும்.

புதுத் தண்ணீராகக் குழாய்த் தண்ணீரை ஊற்றலாமா?

பிளீச்சிங் பவுடர் கலந்து வரும் தண்ணீர் என்றால் திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்திருந்து, முடிந்தால் காற்றும் செலுத்தி, பிறகு ஊற்றுங்கள். குளோரின் மீனின் செவுளையும் கெடுக்கும், பயோஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். மழைநீர் சேமிப்பு இருந்தால் அதற்கு ஈடான தண்ணீர் வேறில்லை.

சொட்டுநீர்க் குழாயிலோ ஸ்பிரிங்க்ளரிலோ விடலாமா?

விடலாம், ஆனால் அடைப்போடு மல்லுக்கட்ட வேண்டும். படிவு டிரம்மைத் தாண்டியும் நுண்துகள் வரும். குழாய்க்குள் பாசிபோல் ஒரு வழவழப்பும் படியும். 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் போட்டு வாரம் ஒருமுறை கழுவினால் சொட்டுநீர் ஓடும். 150 சதுர அடிக்கு இவ்வளவு பாடு எதற்கு? ஒரு அங்குல ஹோஸ் போதும். காலையில் பத்து நிமிட வேலை.

ஸ்பிரிங்க்ளர் எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு: தொட்டித் தண்ணீர் சாரலாகப் பறந்து முகத்தில் படுவது நல்லதில்லை.

படிவு டிரம்மின் அடியில் தேங்கும் பழுப்புக் குழம்புதான் உள்ளதிலேயே சத்து மிகுந்தது. அதை அப்படியே புல்மேல் கொட்டினால் ஆடையாகக் காய்ந்து, நாறி, ஈ மொய்க்கும். ஐந்து மடங்கு தண்ணீர் சேர்த்து, இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். அது தொந்தரவு என்றால் தென்னை மூட்டிலோ உரக்குழியிலோ கொட்டிவிடலாம்.

தண்ணீர் விட்டும் புல் மஞ்சளாகிறதே?

எந்த இலை மஞ்சளாகிறது என்று குனிந்து பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை முழுவதும் வெளுத்தால் நைட்ரஜன் போதவில்லை. ஒன்று தீவனம் குறைவு, அல்லது புல்லின் பரப்பு அதிகம். நுனியில் வரும் இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சள் கோடுகளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் புல்லுக்கு வேண்டிய அளவு இரும்பு இருக்காது; இருப்பதும் நம் காரத் தண்ணீரில் புல்லுக்கு எட்டாமல் போய்விடும். 0.5 சதவீத ஃபெரஸ் சல்பேட் கரைசலை, அதாவது லிட்டருக்கு 5 கிராம், மாலையில் புல்மேல் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள்.

பொட்டாஷும் இப்படித்தான். மீனுக்கு அது அதிகம் தேவையில்லை என்பதால் தீவனத்திலும் குறைவு. ஆண்டுக்கு ஓரிரு முறை சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கொஞ்சம் தூவுங்கள். அடுப்புச் சாம்பல் போடலாமே என்பார்கள். ஏற்கெனவே காரமான மண்ணில் அது காரத்தை இன்னும் ஏற்றும்.

எதைக் கொடுத்தாலும் புல்லுக்கு நேரடியாகக் கொடுங்கள், தொட்டியில் கலக்காதீர்கள். ஒருவழிப் பாதையால் கிடைக்கும் பெரிய சலுகை இது: புல்லுக்கு வைத்தியம் பார்க்கும்போது மீனை நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

இந்த முறையின் பலவீனம் இங்கேதான். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது புல்லுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். மீனோ சாப்பிடுவதை நிறுத்தாது. தொட்டியில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

முதலில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். மேகமூட்டத்தில் தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்கே பசி மந்தமாகிவிடும். அடுத்து, ஈரத்துக்கு அஞ்சாத செடிகளை ஒரு ஓரத்தில் வையுங்கள். கல்வாழை, வாழை, சேம்பு போன்றவை மழைக்காலத்திலும் தொட்டித் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். மழை இரண்டு நாள் ஓய்ந்தால் அன்று மட்டும் புல்லுக்கும் கொஞ்சம் விடலாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் தொட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள், ‘நிலத்தடி நீர் ஏறட்டும்’ என்று. குழிக்குள் போகும் நைட்ரேட்டைத் தடுத்து உறிஞ்ச அங்கே வேர் கிடையாது. நேராகக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மீன்தொட்டியில் அதைப்போல் இரு மடங்கு இருப்பது சாதாரணம். பக்கத்து வீட்டில் பச்சைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரும் அதே நிலத்திலிருந்துதான் வருகிறது.

தொட்டி நிரம்பி வழியும் குழாயைத் தெருக் கால்வாய்ப் பக்கம் வைக்காமல் வாழை மூட்டுப் பக்கம் வையுங்கள். அதன் வாயில் வலை கட்டுங்கள், மீன் தப்பக் கூடாது.

மீனுக்கு நோய் வந்து உப்போ மருந்தோ போட்டால்?

மீன் வைத்தியத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு சேர்ப்பது வழக்கம். ஒருமுறை அப்படிப் போட்ட தண்ணீர் பெர்முடாவைக் கொன்றுவிடாது; ஆனால் களிமண்ணில் சோடியம் தங்கி மண்ணை இறுக்கிவிடும், அடுத்த முறை தண்ணீர் உள்ளே இறங்காது. முடிந்தால் நோய்ப்பட்ட மீனை மட்டும் வாளியில் தனியாக எடுத்து வைத்தியம் செய்யுங்கள். காப்பர் சல்பேட்டோ ஆன்டிபயாடிக்கோ போட்ட தண்ணீரைப் புல்லுக்கும் விடாதீர்கள், வாழைக்கும் விடாதீர்கள்.

மறுபக்கமும் கவனம் வேண்டும். புல்லில் கறையானுக்கோ புழுவுக்கோ அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். தெருவில் கொசுப் புகை அடிக்க வரும்போதும் ஏர் பம்பைச் சற்று நேரம் நிறுத்தி, தொட்டியை மூடி வையுங்கள். பம்பு புகையை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் செலுத்திவிடும்.

கொசு வராதா?

மீன் இருக்கும் தொட்டியில் வராது, புழுவை மீன் தின்றுவிடும். டிரம்களையும் வாளிகளையும் மூடி வையுங்கள். டெங்கு கொசுவுக்கு வேண்டியது அந்த ஒரு வாளித் தண்ணீர்தான்.

வெட்டிய புல்லை மீனுக்குப் போடலாமா?

புல்கெண்டை வளர்த்தால் போடலாம், ஆசையாகத் தின்னும். மருந்து படாத இளம்புல்லாக, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். மிஞ்சியதை வலையால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். மற்ற மீன்கள் இருக்கும் தொட்டி என்றால் வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். அதில் உள்ள நைட்ரஜன் மறுபடியும் மண்ணுக்கே போகும்.

குழந்தைகள் அந்தப் புல்லில் விளையாடலாமா?

விளையாடலாம். காலையில் தண்ணீர் விட்டு, தரை காய்ந்து, மாலையில் விளையாடட்டும். மீன் குளிர் இரத்தப் பிராணி, ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளுக்கு அது இயல்பான வீடு இல்லை. ஆனால் தொட்டிமேல் உட்காரும் காக்கையும், அலையும் எலியும் அவற்றைக் கொண்டுவரும். எலி சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) பரவும் என்பதால் வலையும் மூடியும் பறவைக்காக மட்டும் அல்ல. கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம்.

மின்சாரம் எவ்வளவு ஆகும்? மின்வெட்டு வந்தால்?

மோட்டாரும் ஏர் பம்பும் சேர்ந்து 40 வாட் என்றால், நாள் முழுவதும் ஓடினால் தினமும் ஏறக்குறைய 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு இதற்கே போகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

1000 லிட்டருக்கு 4 கிலோ மீன் என்பது நெருக்கடி இல்லாத அளவு; ஓரிரு மணி நேர மின்வெட்டைத் தாங்கும். அதற்கு மேல் போனால், அதுவும் வெயில் காலத்து விடியற்காலையில், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டரில் இணைக்கிறீர்கள் என்றால் ஏர் பம்பை மட்டும் இணைத்தால் போதும்.

ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தால்?

வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தீவனம் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாசத்தில் அள்ளிக் கொட்டிவிடுவார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் தீவனத்தை நிறுத்தி, படிவு டிரம்மைக் காலி செய்து, தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். புல்லுக்கு அந்த ஒரு வாரம் தொட்டித் தண்ணீர் வேண்டாம். தானியங்கி வால்வு ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டால் தொட்டி முழுவதும் வடிந்துவிடும். சாதாரணக் குழாயில் டைமர் பொருத்திப் புல்லுக்கு விடச் செய்துவிட்டு, தொட்டியின் பாசன வால்வை மூடிப் பூட்டிவிட்டுப் போங்கள்.